சமரீன் பிடித்துவைத்த பதினேழு கேள்விகள்

அவைத் தலைவர், ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர் மாதவராஜ் அவர்களே. மகள் சமரீனை இழந்து நம்மோடு அமர்ந்திருக்கும் முகம்மது கவுஸ் அவர்களே. சமரீனோடு சேர்ந்து கணக்குப் பலகையைத் தொடங்கிய ஆசிரியை சசிகலா அவர்களே. இந்த நூலகத்தின் மாடிப்படி ஏறி வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் தமிழ்மணி. அதியமான்கோட்டை. கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். கணிதத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். ஆறு ஆண்டுகளாக.

எண்பது நாற்காலி போதும் என்று சொன்னவன் நான்தான். நூற்று முப்பத்தாறு பேர் இருக்கிறீர்கள். நிற்பவர்களையும் சேர்த்து எண்ணினேன். பேராசிரியர் பேசும்போது எண்ணினேன், அவர் மன்னிக்க வேண்டும். பிறகு, நான் இறந்தால் இத்தனை பேர் வருவார்களா என்று யோசித்தேன்.

வரமாட்டார்கள்.

இரங்கல் கூட்டத்தில் இப்படி ஆரம்பிக்கலாமா? கூடாது. ஆனால் சமரீனைப் பற்றி நான் உண்மையாகப் பேசினால் இங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஆறு ஆண்டுகள் நான் அவர்மீது பொறாமையோடு இருந்தேன். அவர் இறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. இன்னும் இருக்கிறேன்.

இங்கே பாதிப் பேர் உறவினர்கள், கடைத்தெருக்காரர்கள். பலகை என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. கூட்டம் தொடங்கும் முன் கவுஸ் அவர்கள் என்னிடம் சொன்னார்: "எம் பொண்ணு கல்லாவுல உக்காந்தா எந்நேரமும் போனுதான். யாருகூட பேசுதுன்னு கேக்க மாட்டேன். இவங்க எல்லாருகூடயுமா?"

ஆமாங்க. இவர்கள் எல்லோரோடும்தான்.

கணக்குப் பலகை இணையத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் கணக்கில் சந்தேகம் கேட்கலாம். யார் வேண்டுமானாலும் பதில் எழுதலாம். எந்தப் பதில் உதவியதோ அதற்குக் கேட்டவர் ஒரு பச்சைக் குறி இடுவார். படிப்பவர்கள் நன்றி சொல்லலாம். இவையெல்லாம் எழுதியவரின் பெயருக்குப் பக்கத்தில் எண்ணாக நிற்கும். பதினோராயிரம் பேர் இருக்கிறார்கள். சமரீன் அதன் காப்பாளர். எதை வைப்பது, எதை எடுப்பது என்று முடிவு செய்யும் உரிமை அவரிடம் இருந்தது. அதை நாங்கள் சாவி என்போம்.

போன வாரம் சசிகலா அவர்கள் அந்தச் சாவியை என்னிடம் கொடுத்தார். தற்காலிகமாக. நிரந்தரமாக ஏற்கிறேனா இல்லையா என்று இன்று இந்த மேடையில் நான் சொல்ல வேண்டும். ஆறு ஆண்டுகள் நான் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். சமரீன் என்னிடம் தரவில்லை. தரச் சொல்லி யாரிடமும் சொல்லிவிட்டும் போகவில்லை.

சாவியோடு பதினேழு கேள்விகளும் வருகின்றன. அவற்றைப் பற்றிப் பிறகு.

"பத்து நிமிஷங்க. நீங்க ஆரம்பிச்சா நிறுத்த மாட்டீங்க" என்று சசிகலா அவர்கள் சொல்லியிருக்கிறார். கைக்கடிகாரத்தைக் கழற்றி என் முன்னால் வைத்திருக்கிறார்.

*

முதல் கேள்வி எனக்கு நினைவிருக்கிறது. பாலக்கோட்டிலிருந்து ஒருவர். "மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது? என் மகள் கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை."

நான் எழுதினேன். கணிதத்தில் வளையம் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கினேன். பங்கீட்டு விதி. கூட்டல் எதிர்மறை ஒன்றே ஒன்றுதான் என்பதற்கு நிரூபணம். ஆயிரத்து நானூறு சொற்கள். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை. முடிவில் ஒரு சிறிய கறுப்புப் பெட்டி, நிறுவப்பட்டது என்பதற்கு அடையாளமாக.

அதற்குக் கீழே சமரீன் எழுதினார்.

"3, 2, 1, 0. ஒவ்வொன்றையும் −2 ஆல் பெருக்கி ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்க. −6, −4, −2, 0. அடுத்த வரியில் என்ன வரணும்?"

அவ்வளவுதான்.

அந்தத் தகப்பனார் கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். "என் மகளே சொல்லிட்டா." பச்சைக் குறி சமரீனுக்கு. இருநூற்றுப் பன்னிரண்டு நன்றி. எனக்கு மூன்று. அந்த மூன்றில் ஒன்று நானே வேறு பெயரில் போட்டது. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. அவர் பதிலுக்குக் கீழே எழுதினேன்: "இது நிரூபணம் அல்ல."

அவர் எழுதினார்: "ஆமாங்க."

ஒரு சொல். சண்டைக்கு வந்தவனை இதைவிடக் குறைவான எழுத்தில் திருப்பி அனுப்ப முடியுமா? நான் பதிலுக்கு என்ன எழுதுவது? அவர் ஒப்புக்கொண்டுவிட்டாரே. அன்று முதல் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவருடைய எண்ணையும் என்னுடைய எண்ணையும் ஒரு நோட்டில் குறித்தேன். கடைசித் திங்களன்று அவர் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு. நான் ஆயிரத்து நூற்று நாற்பது.

அவருடைய எண் இனி ஏறாது. இப்படியே எழுதினால் பத்து ஆண்டில் நான் தாண்டிவிடலாம். அவர் மருத்துவமனையில் இருந்த மூன்று நாளில் இந்தக் கணக்கும் என் மனதில் ஓடியது. என்ன மனம் இது?

*

அவரை ஒருமுறை நேரில் பார்க்கப் போனேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவர்களுடைய பஞ்சு மெத்தைக் கடை. உங்களில் பலர் அந்த மெத்தையில்தான் படுக்கிறீர்கள்.

கல்லாவில் இருந்தார். தலை நிமிராமல் கேட்டார். "சொல்லுங்க. கட்டிலுக்கா, தரைக்கா?"

"மெத்தை வாங்க வரலைங்க. நான் தமிழ்மணி. பலகை."

நிமிர்ந்து பார்த்தார். "ஓ. நீளம் சாரா?"

உள்ளே பஞ்சு அடைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். அந்தப் பெயர் அங்கே ஏற்கெனவே புழக்கத்தில் இருந்திருக்கிறது.

"கணக்குன்னா அப்படித்தாங்க. முழுசா சொன்னாத்தான் சொன்ன மாதிரி" என்றேன்.

"இருக்கும் சார். டீ சொல்லட்டுங்களா?"

"நீங்க ஏன் எல்லாத்துக்கும் ரெண்டே வரி எழுதறீங்க?"

அவர் கடை வாசலைக் காட்டினார். "ஆளு வந்துருதுங்க சார். தலகாணி இருக்கா, உறை இருக்கான்னு. அதுக்குள்ள முடிக்கணும்ல?"

அவர் சொன்னது போலவே ஒருவர் தலையணை கேட்டு வந்தார். நான் டீயைக் குடித்தேன். கிளம்பும்போது அவரே கூப்பிட்டார்.

"சார், போன வாரம் முக்கோணத்துக்கு ஒண்ணு எழுதினீங்களே."

"படிச்சீங்களா?"

"படிச்சேன். பஞ்சு அதிகம். கல்லு மாதிரி ஆயிருச்சு."

உள்ளே மறுபடியும் சிரிப்பு.

கோபத்தோடு வந்தேன். ஆனால் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் எனக்குள் ஒரு நிம்மதி. காரணம் தெரிந்துவிட்டது. அவருக்கு நேரமில்லை. இளங்கலையோடு படிப்பை நிறுத்தியவர். கடை. தலையணை. முழுதாக எழுத நேரம் இல்லை, ஒருவேளை முழுதாகத் தெரியவும் தெரியாது. அதனால்தான் சுருக்கம். நானோ முழுதாக அறிந்தவன். அந்த ஒரு நினைப்பை வைத்துக்கொண்டு நான்கு ஆண்டுகள் ஓட்டினேன்.

*

இங்கே வலப்பக்கச் சுவரோரம் நஞ்சப்பன் அவர்கள் நிற்கிறார். லாரிகளுக்குக் கூண்டு கட்டுபவர். என்னைப் பார்க்க வந்திருக்க மாட்டார்.

வளைந்த கூரைக்கு இரும்புப் பட்டையை வளைக்க வேண்டும், எவ்வளவு ஆரம் வைப்பது என்று அவர் பலகையில் கேட்டார். நான் வட்டத்தின் நாண் பற்றிய தேற்றத்தை எழுதினேன். படம் வரைந்தேன். நடுவில் ஓர் இடத்தில் எழுதினேன்: "இதிலிருந்து ஆரத்தை எளிதில் காணலாம்."

நஞ்சப்பன் அதற்குப் பிறகு ஒரு மாதம் பலகைப் பக்கமே வரவில்லை.

சமரீன் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். "சார், எளிதுன்னு போட்டீங்க. அவருக்கு வரல. எல்லாருக்கும் வருது, நமக்கு மட்டும்தான் வரலன்னு நெனச்சுட்டு போயிட்டாரு." ஆறு ஆண்டில் அவர் எனக்கு எழுதியவற்றில் இதுதான் நீளமானது.

நான் பதில் அனுப்பினேன். கணித நூல்களில் அது வழக்கமான சொல் என்றேன்.

"சரிங்க" என்றார்.

பிறகு அவரே நஞ்சப்பனை எப்படியோ தேடிப் பிடித்துக் கேட்டிருக்கிறார், அகலம் எவ்வளவு, நடுவில் எழும்பும் உயரம் எவ்வளவு என்று. ஒரு வரி கொடுத்தார். அகலத்தில் பாதியை அதனாலேயே பெருக்குங்க, உயரத்தால் வகுங்க, உயரத்தைக் கூட்டுங்க, வந்ததில் பாதி. நஞ்சப்பன் அவர்களே, இன்னும் அதை வைத்துத்தான் வளைக்கிறீர்களா?

தலையை ஆட்டுகிறார்.

போன வாரம் சாவி கிடைத்த பிறகு பார்த்தேன். யார் எதை எப்போது திருத்தினார் என்பது காப்பாளருக்குத் தெரியும். என் பழைய பதில்களில் நாற்பத்தேழு இடங்களில் 'எளிதில்' என்ற சொல் எடுக்கப்பட்டிருக்கிறது. 'வெளிப்படையாக' பத்தொன்பது இடத்தில். என்னிடம் சொல்லவில்லை. நான் கவனிக்கவும் இல்லை. என் பதில்கள் கொஞ்சம் நன்றாக ஆகிவருகின்றன, நான் வளர்ந்துவருகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

*

அவரைக் குறை இல்லாதவர் என்று சொல்லமாட்டேன். முதல் ஆண்டில் பலர் அவரைத் திமிர் பிடித்தவர் என்றார்கள். கேட்டால் திருப்பிக் கேட்கிறார், நேராகப் பதில் சொல்வதில்லை என்றார்கள். நானும் அப்படிச் சொன்னவர்களில் ஒருவன். சரியாகச் சொன்னால், முதலில் சொன்னவன்.

இன்னொரு குறை, பிடித்துவைப்பது.

பலகையில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஒரு கேள்வி கேட்டால், பதில் சொல்ல வருபவர் முதலில் அவரிடம் திருப்பிக் கேட்பார். எதுவரை வந்தீர்கள், எங்கே நின்றுவிட்டது என்று. அப்படிக் கேட்டுவிட்டால் அந்தக் கேள்வி பதில் சொல்ல வந்தவர் கையில். அவர் விடும்வரை மற்றவர்கள் உள்ளே போவதில்லை. கேட்டவர் தானே யோசிக்க இடம் வேண்டும், பத்துப் பேர் பத்துப் பக்கம் இழுக்கக் கூடாது என்று சமரீன் கொண்டுவந்த வழக்கம். நல்ல வழக்கம். ஆனால் அவர் விடவே மாட்டார். வாரக்கணக்கில் வைத்திருப்பார். "இன்னும் ரெண்டு நாளுங்க, வந்துருவாங்க" என்பார். கேட்டவர் வர வேண்டும், அவராகவே வர வேண்டும், ஆனால் என் வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்பது போல. அதில் பெருமை இல்லையா? இருந்தது என்றே நினைக்கிறேன்.

அந்த வழக்கத்தை ஒருமுறை உடைத்தேன்.

ஐஸ்வர்யா என்ற மாணவி. பன்னிரண்டாம் வகுப்பு. பகா எண்களுக்கு முடிவே இல்லை என்பதைத் தானாக நிறுவ முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். சமரீன் அவரிடம் கேட்டிருந்தது ஒரே வரி: "இருக்கிற எல்லாத்தையும் பெருக்கி ஒண்ணு கூட்டினா?" இரண்டு நாள் ஆகியிருந்தது. கேள்வி சமரீன் கையில்.

நான் உள்ளே போனேன். முழு நிரூபணத்தையும் எழுதினேன். கூடவே வேறு இரண்டு நிரூபணங்கள். மேலே வரலாறு. அறுபத்தெட்டு நன்றி. என் வாழ்நாளில் அதிகபட்சம். அன்று நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் ஐஸ்வர்யா எழுதினார். "சார், நான் கிட்ட வந்துட்டேன்."

அதற்குப் பிறகு அவர் பலகையில் எதுவும் கேட்கவில்லை.

சசிகலா அவர்கள் போனில் கூப்பிட்டார். "ஏங்க, அந்தப் புள்ள வாயில வெச்ச சோத்த புடுங்கின மாதிரி இருக்குதுங்க. உங்களுக்கு என்ன அவசரம்?" நான் வாதாடினேன். அறுபத்தெட்டுப் பேருக்குப் பயன்பட்டிருக்கிறதே என்றேன். "அவங்க யாரும் கேக்கலீங்களே" என்று வைத்துவிட்டார்.

சமரீன் திட்டவில்லை. பதிலை எடுக்கவும் இல்லை. "அந்தப் புள்ளைக்கு வேற ஒரு நல்ல கணக்கா தேடிக் குடுங்க சார்" என்று மட்டும் எழுதினார். தேடுகிறேன் என்றேன். தேடவில்லை.

*

சாவி கைக்கு வந்த அன்று நான் முதலில் செய்தது என்ன? காத்திருக்கும் கேள்விகளைப் பார்த்தேனா? இல்லை. சமரீன் அழித்த பதில்களைத் திறந்தேன்.

அழித்தவை பலகையில் யாருக்கும் தெரியாது. காப்பாளருக்கு மட்டும் தெரியும். அங்கே அவருடைய பிழைகள் இருக்கும் என்று நம்பினேன். யாரும் பார்க்கும் முன் எழுதி அழித்த தவறான பதில்கள். பத்துப் பதினைந்து கிடைத்தால் போதும். யாரிடமும் காட்டமாட்டேன். எனக்குத் தெரிந்தால் போதும்.

முந்நூற்று எட்டு இருந்தன.

எல்லாம் முழுப் பதில்கள். எல்லாம் சரி.

அந்த முதல் கேள்வி, மைனஸ் மைனஸ். அதற்கும் எழுதியிருக்கிறார். முறையான நிரூபணம். நான் ஆயிரத்து நானூறு சொல்லில் செய்ததை ஏழு வரியில். மதியம் இரண்டு பத்துக்கு எழுதி, இரண்டு பதினான்குக்கு அழித்து, இரண்டு பதினைந்துக்கு அந்த 3, 2, 1, 0 வரியைப் போட்டிருக்கிறார். "இது நிரூபணம் அல்ல" என்று நான் எழுதியபோது நிரூபணம் அவரிடம் இருந்தது. "ஆமாங்க" என்றார்.

தலையணை கேட்டு ஆள் வந்ததால் அல்ல. முழுதாகத் தெரியாததால் அல்ல. முதலில் தனக்காக முழுதாக எழுதிப் பார்த்தார். பிறகு கேட்டவருக்கு எது வேண்டுமோ அதை மட்டும் எடுத்தார். மீதியை அழித்தார். என்னுடைய நான்கு ஆண்டு நிம்மதி ஒரு மதியத்தில் போய்விட்டது.

இன்னும் இருக்கிறது. அந்த முந்நூற்று எட்டில் நாற்பத்தொன்று வேறு மாதிரி. அவற்றை அவர் பலகையில் போட்டிருக்கிறார். எனக்கு முன்னால் போட்டிருக்கிறார். என் பதில் வந்த சில நிமிடத்தில் தன்னுடையதை எடுத்திருக்கிறார். என்னுடையதும் சரியாக இருந்ததால், இரண்டு எதற்கு என்று எடுத்திருக்கிறார். அந்த நாற்பத்தொன்றிலும் பச்சைக் குறி எனக்கு.

நான் அந்தக் குறிகளை நோட்டில் குறித்திருக்கிறேன். தேதி போட்டு. சிலவற்றுக்கு அடிக்கோடு போட்டு.

நண்பர்களே, எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. தோற்கிற உரிமையையாவது எனக்கு விட்டிருக்கலாமே.

சசிகலா அவர்களிடம் சொன்னேன். கடையில் அன்று அவர் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார் என்றேன்.

"பொய்யில்லீங்க. ஆளும் வரத்தான் செஞ்சுது" என்றார். பிறகு, "நீங்க அவ்ளோ கோவமா போயி நின்னா உங்களுக்கு வேற என்னங்க சொல்றது?"

*

இப்போது பதினேழு கேள்விகள்.

கல்லாவிலிருந்து தலைவலி என்று எழுந்து மருத்துவமனைக்குப் போன அன்று சமரீன் கையில் பதினேழு கேள்விகள் இருந்தன. பதினேழு பேரிடம் அவர் ஏதோ திருப்பிக் கேட்டிருந்தார். பதினேழு பேரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். சிலர் பதில் எழுதினார்கள். அந்தப் பக்கம் யாரும் இல்லை.

பதினோராயிரம் பேரில் ஒருவர்கூட உள்ளே போகவில்லை. கேள்வி அவர் கையில் இருக்கிறதே. கேள்வியைப் பிடித்தவர் இறந்துபோனால் என்ன செய்வது என்று நாங்கள் விதி எழுதவில்லை. பிடித்தவர் பயணம் போனால், பரீட்சை வந்தால், போன் உடைந்தால் எல்லாவற்றுக்கும் எழுதியிருக்கிறோம். எங்களில் மூத்தவரான சசிகலா அவர்களுக்கு நாற்பத்தாறு வயது. இது யாருக்கும் தோன்றவில்லை.

எனக்குச் சாவி வந்ததும் மூன்று நாளில் பதினேழுக்கும் பதில் எழுதினேன். விடுப்பு எடுத்து எழுதினேன். அறுபத்திரண்டு பக்கம். படங்களோடு. எல்லாம் தயார். ஒரு பொத்தானை அழுத்தினால் பலகையில் ஏறிவிடும். இந்தக் கூட்டத்தில் அதை அழுத்துவதாக இருந்தேன். உங்கள் முன்னால். சமரீன் விட்டுச்சென்ற பணியை முடித்துவைத்தவன் என்று. அதுதான் என் அஞ்சலி என்று இன்று காலைவரை நினைத்திருந்தேன்.

அதில் பதினேழு பச்சைக் குறிகளும் இருந்தன. அதையும் நினைத்திருந்தேன்.

கூட்டத்துக்கு முன் கீழே டீக்கடையில் நின்றபோது ஒரு பெண் வந்தார்.

"சார், நீங்க பலகைங்களா?"

"ஆமாங்க."

"நான் மணிமேகலை சார். தொப்பூர். வட்டத்துல புள்ளி."

நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றில் பில் போடுகிறார். தபால் வழியில் இளங்கலைக் கணிதம். அவருடைய கேள்வி பதினேழில் ஒன்று. ஒரு வட்டத்தின் மேல் புள்ளிகள் வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் மற்ற எல்லாப் புள்ளிகளோடும் கோட்டால் சேர்த்தால், வட்டம் எத்தனை துண்டாகும்? இரண்டு புள்ளிக்கு இரண்டு துண்டு. மூன்றுக்கு நான்கு. நான்குக்கு எட்டு. ஐந்துக்குப் பதினாறு. எப்போதும் இரட்டிப்பாகத்தானே போகும் என்று கேட்டிருந்தார். சமரீன் அவருக்குக் கடைசியாக எழுதியது: "ஆறு புள்ளி வைங்க. சமமா இடைவெளி விடாதீங்க. எண்ணுங்க."

மணிமேகலை பையிலிருந்து தாள்களை எடுத்தார். பார்சல் கட்டும் தாள். எண்ணெய்க் கறை. ஒவ்வொன்றிலும் ஒரு வட்டம், ஆறு புள்ளி, பதினைந்து கோடு, துண்டுகளுக்குள் பொடி எழுத்தில் எண்கள்.

"முப்பத்தொண்ணுதான் சார் வருது. முப்பத்தி ரெண்டு வரணும். பன்னெண்டு தடவ போட்டுட்டேன். ஒண்ணு எங்கயோ விட்டுடறேன்."

"பலகையில எழுதினீங்களா?"

"எழுதினேன் சார். அக்கா வந்து சொல்லுவாங்கன்னு இருந்தேன். நேத்துதான் தெரியும்." தாள்களை ஒழுங்காக அடுக்கினார். "கணக்கே நமக்கு வராதோன்னு ஆயிருச்சு சார். எண்ணக்கூட வரலீங்களே. நீங்க பார்த்துச் சொல்லுங்க, நான் ஒண்ணு விட்டுட்டனா?"

நான் வாயைத் திறந்தேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் ஆறு பக்கம் இருந்தது. பொதுச் சூத்திரம், அதற்கு இரண்டு வழியில் நிரூபணம், இரட்டிப்பு ஏன் ஐந்துவரை ஏமாற்றுகிறது என்பதற்கு விளக்கம். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தேன். அதற்குள் சசிகலா அவர்கள் படியிலிருந்து கூப்பிட்டார். வந்துவிட்டேன். மணிமேகலையும் பின்னால் வந்து நான்காம் வரிசையில் உட்கார்ந்தார்.

படி ஏறும்போது என் ஆறு பக்கத்தையும் மனதில் புரட்டினேன். ஒரு வரியைத் தேடினேன். அது இல்லை. எல்லாம் இருக்கிறது, அவர் கேட்டதற்குப் பதில் இல்லை. அவர் சூத்திரம் கேட்கவில்லை. ஒன்று விட்டுவிட்டேனா என்று கேட்டார். இரண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மீதிப் பதினாறையும் அப்படியே நினைத்துப் பார்த்தேன். அறுபத்திரண்டு பக்கத்தில் நான் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. சமரீனுக்குத்தான் சொல்லியிருக்கிறேன். பார், எனக்கும் தெரியும் என்று.

அவர் படிக்கப்போவதில்லை.

*

கடிகாரத்தில் பத்து நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. சசிகலா அவர்கள் என்னை நிறுத்தவில்லை. அவருக்கு நன்றி.

உறுதிமொழி சொல்ல வேண்டிய இடம் இது. சாவியை ஏற்கிறேன். சமரீன் எனக்குத் தந்திருக்க மாட்டார் என்று தெரிந்தே ஏற்கிறேன். அவரைப் போல ஆவேன் என்று சொல்லமாட்டேன். ஆக முடியாது. பொறாமையை விட்டுவிட்டேன் என்றும் சொல்லமாட்டேன். இதோ, இந்தக் கூட்டத்தைப் பார்க்கும்போதும் எனக்குள் அது இருக்கிறது. பொறாமையோடு ஒருவருடைய வேலையைத் தொடர முடியுமா? தெரியவில்லை. முயன்று பார்க்கிறேன்.

அந்த அறுபத்திரண்டு பக்கமும் பலகையில் ஏறாது. எழுதியாயிற்று, எனக்காக எழுதியதாக இருக்கட்டும். பதினேழு பேரிடமும் நான் போய்க் கேட்பேன், எதுவரை வந்தீர்கள் என்று. அவர்கள் வரும்வரை இருப்பேன். ஐஸ்வர்யாவுக்கு ஒரு நல்ல கணக்குத் தேடுவேன்.

கவுஸ் அவர்களே, உங்கள் கல்லாவில் இருந்து உங்கள் மகள் பேசிக்கொண்டிருந்தது இவர்களோடுதான். அவர் பேசியது கொஞ்சம். மீதி நேரமெல்லாம் இவர்கள் யோசித்து முடிக்கும்வரை காத்திருந்தார். தலைவணங்குகிறேன்.

கடைசியாக ஒருவருக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

நான்காம் வரிசையில் இருக்கும் மணிமேகலை அவர்களே. நீங்கள் எதையும் விடவில்லை. முப்பத்தொன்றுதான்.

ஏன் என்று இப்போது என்னிடம் கேட்காதீர்கள். கேட்டால் சொல்லிவிடுவேன்.